கணவருக்கு ஹொலண்ட் பாஸ்போட், வேலை ஜேர்மனியில்: எனக்கு மொழிப் பரீட்சை வேணுமா?

நல்லூர்ப்பெண் | மார்ச் 3

அக்காமார், அண்ணாமார் எல்லாருக்கும் வணக்கம். கனநாளா இஞ்ச வாசிக்கிறன், எழுதுறது இதுதான் முதல் தரம்.

நான் யாழ்ப்பாணத்தில இருக்கிறன். தை மாதம் எங்களுக்கு எழுத்து (கலியாணப் பதிவு) முடிஞ்சு, அடுத்த கிழமை கோயில்ல தாலி கட்டினது. இவர் நாலு வயசில தாய் தகப்பனோட ஹொலண்ட் போனவர், இப்ப அந்த நாட்டுப் பாஸ்போட். வேலை மட்டும் ஜேர்மனியில, கிளேவே எண்ட ஊரில. நிரந்தர வேலை.

கொழும்பில ஒரு ஏஜென்சியில கேட்டம். ஜேர்மனி எண்டால் ஏ1 எண்ட ஆரம்ப ஜேர்மன் மொழிப் பரீட்சை பாஸ் பண்ணினாப் பிறகுதான் பைல் திறக்கலாம், வகுப்பும் பைலும் சேர்த்து மூண்டு லட்சம் எண்டு சொல்லுகினம். ஹொலண்ட் எண்டால் அதுக்கும் டச்சுப் பரீட்சை இருக்காம். அப்பா வயலை ஈடு வைக்கிறதெண்டு நிக்கிறார். அதுக்கு முதல் தெரிஞ்ச ஆக்களிட்டக் கேப்பம் எண்டு வந்தனான். உண்மையில எனக்கு என்ன வேணும்?

றைன்கரை | மார்ச் 3

வணக்கம் பிள்ளை. ஏ1 வேணும், அதில மாற்றமில்லை. 2007இல கொண்டு வந்த சட்டம். நான் 2010இல மனுசியைக் கூப்பிட்டனான். அவ கொழும்பில ஜேர்மன் படிச்சு ரெண்டாம் தரம் எழுதித்தான் பாஸ் பண்ணினவ. கலியாணம் முடிஞ்சு ஒண்டரை வருசம் போனிலதான் குடும்பம் நடத்தினம். ஏஜென்சியிட்டப் போகாதேங்கோ, நேர மொழிப் பள்ளியில சேருங்கோ. காசு மிச்சம்.

டப்ளின்_மீனா | மார்ச் 3

றைன்கரை அண்ணா, குறுக்க பேசுறதுக்கு மன்னிக்கணும். நீங்க சொன்னது உங்க வீட்டுக்குச் சரி, இந்தத் தங்கச்சிக்கு அது பொருந்தாது. உங்ககிட்ட இருந்தது ஜெர்மன் பாஸ்போர்ட்டா?

றைன்கரை | மார்ச் 3

ஓம், 2005இல சிட்டிசன் எடுத்தனான்.

டப்ளின்_மீனா | மார்ச் 4

அதுதான் அண்ணா வித்தியாசம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், தங்கச்சி பொறுமையா படிங்க.

ஜெர்மன்காரர் ஜெர்மனிக்கு மனைவியைக் கூப்பிட்டா அது ஜெர்மனியோட உள்நாட்டுச் சட்டம். ஏ1 கேட்பாங்க. டச்சுக்காரர் நெதர்லாந்துக்கு, அதாவது ஹாலந்துக்குக் கூப்பிட்டா டச்சு உள்நாட்டுச் சட்டம். 2006லேருந்து, வர்றதுக்கு முன்னாடியே தூதரகத்துல மொழி, சமூகப் பரீட்சை, அது போக வருமானக் கணக்கு. ஆனா டச்சுக்காரர் ஜெர்மனிக்குக் குடிபோய் அங்க வேலை பாத்தா, அவர் ஐரோப்பிய ஒன்றியக் குடிமகனா எல்லை தாண்டி வாழுறவர். அவரோட மனைவிக்கு ஒன்றியச் சட்டம் பேசும். 2004/38 டைரக்டிவ் (ஒன்றியத்தோட உத்தரவு)னு பேரு. அதுல மனைவிக்கு மொழிப் பரீட்சைன்னு ஒரு வார்த்தை கூட கிடையாது. ஜெர்மனியில அதை உள்நாட்டுல எழுதி வச்சிருக்கிற சட்டத்துக்குப் பேரு ஃப்ரைட்சூகிக்கைட்ஸ்கெசெட்ஸ். வாயில நுழையலைன்னாலும் மனப்பாடம் பண்ணிக்கோங்க, கவுன்ட்டர்ல இந்தப் பேரைச் சொன்னா பேச்சே மாறும்.

விசாவுக்குக் கட்டணம் கிடையாது. விரைவு நடைமுறையில தரணும்னு டைரக்டிவோட 5ஆம் பிரிவு சொல்லுது. நாலு வாரத்துக்கு மேல இழுத்தா அதுக்கு நியாயம் சொல்லணும்னு ஐரோப்பிய ஆணையத்தோட 2009 வழிகாட்டியில சொல்லியிருந்துச்சு. போனப்புறம் மூணு மாசத்துக்கு மேல தங்கணும்னா குடும்ப உறுப்பினர் அட்டை கேட்டு எழுதிக் குடுக்கணும். குடுத்த உடனே ஒரு சான்று தரணும், ஆறு மாசத்துக்குள்ள அட்டை வரணும். அட்டை அஞ்சு வருஷத்துக்கு. வேலை பாக்குற உரிமையும் சேர்ந்தே வரும், தனியா பெர்மிட் வேண்டாம்.

இது எனக்கு எப்படித் தெரியும்னா, நான் கோயம்புத்தூர், என் வீட்டுக்காரர் போலந்துக்காரர், இருக்கிறது டப்ளின்ல. அட்டை வர்றதுக்கு எனக்கு எட்டு மாசம் ஆச்சு. அந்த எட்டு மாசமும் ஏதோ கருணைக்குக் காத்திருக்கிற மாதிரி உள்ளுக்குள்ள ஒடுங்கிப் போயிருந்தேன். அப்புறம்தான் ஒரு வக்கீலம்மா சொன்னாங்க: அட்டை உரிமையைத் தர்றதில்லம்மா, ஏற்கெனவே இருக்கிற உரிமைக்கு அது சாட்சி. கல்யாணம் உண்மை, புருஷன் இங்க வேலை பாக்குறார், அந்த ரெண்டுலயே உரிமை வந்தாச்சு. அன்னைக்குத்தான் நிமிர்ந்து உக்காந்தேன்.

எங்க அயர்லாந்துலேருந்து போன வழக்குதான் இதுக்கெல்லாம் அடித்தளம். மெட்டொக் வழக்கு, தீர்ப்பு 2008 ஜூலை 25. கேமரூன்லேருந்து வந்து அகதி மனு தள்ளுபடியானவர், அயர்லாந்துல வேலை பாத்த பிரிட்டிஷ் பெண்ணைக் கட்டினார். வேற ஒன்றிய நாட்டுல முறைப்படி இருந்துட்டு வந்தவருக்குத்தான் உரிமைன்னு அரசு சொல்லிச்சு. லக்சம்பர்க்ல இருக்கிற ஐரோப்பிய நீதிமன்றம் ஒத்துக்கல. கல்யாணம் எங்க நடந்தது, எப்போ நடந்தது, எப்படி நாட்டுக்குள்ள வந்தார்னு எதுவும் தடை இல்லைன்னு தீர்த்துச்சு.

றைன்கரை | மார்ச் 4

தங்கச்சி மீனா, வாசிச்சிட்டுக் கனநேரம் சும்மா இருந்தனான்.

அப்ப நான் வரி கட்டி, பரீட்சை எழுதி, ஜேர்மன் சிட்டிசன் எடுத்தபடியால்தான் என்ர மனுசி ஒண்டரை வருசம் காத்திருந்தவவா? பக்கத்து வீட்டில ஒரு இத்தாலிக்காரன், பிரேசில் மனுசியை மூண்டு மாதத்தில கூட்டிக் கொண்டு வந்தவன். ஏதோ ஆளைப் பிடிச்சு அலுவல் பாத்திட்டான் எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சனான். இண்டைக்குத்தான் விளங்குது. பிள்ளை, என்ர முதல் பதிலைக் கணக்கில எடுக்காதேங்கோ. பிழையாச் சொல்லிப்போட்டன்.

டப்ளின்_மீனா | மார்ச் 4

அண்ணா, நீங்க சொன்னதுல உங்க தப்பு ஒண்ணுமில்ல. உங்க கோபமும் நியாயம். ஒன்றியம் பிறந்ததே எல்லை தாண்டிப் போய் வேலை பாக்குறதுக்குத் தடை இருக்கக் கூடாதுன்னுதான். பொண்டாட்டி பிள்ளையை விட்டுட்டு யாரும் வேலைக்குப் போக மாட்டாங்க, அதனால குடும்பத்துக்கும் உரிமை குடுத்தாங்க. சொந்த நாட்டை விட்டு நகராதவருக்கு அந்தச் சட்டத்துல பேச்சே இல்ல, அங்க அந்தந்த நாட்டு நாடாளுமன்றம் வச்சதுதான். கணக்கு புரியுது, மனசு ஒப்பலை. எனக்கும்தான். ஒரு ஐரிஷ்காரர் தன் மனைவிக்காகக் காத்திருக்கிறதைப் பாக்கும்போது, அவரோட ஊர்ல வந்தேறியான எனக்கு அவரைவிட வழி சுலபமா இருந்துச்சேன்னு கூச்சமா இருக்கும்.

எல்லைக்கோடு | மார்ச் 5

இதாலதான் எத்தினை பேர் நாடு மாறினவை. டென்மார்க் 2002இல, ரெண்டு பேருக்கும் 24 வயசு ஆகாமல் துணையைக் கூப்பிட ஏலாது எண்டு சட்டம் போட்டது. டெனிஷ் பெடியள் பாலத்தால கடந்து சுவீடன் மால்மோவில குடியிருந்து கொண்டு கொப்பன்ஹேகனுக்கு வேலைக்குப் போனவை. ஹொலண்டில அதுக்கு "பெல்ஜியம் வழி" எண்டு பேரே இருக்கு.

நானும் அப்படித்தான். ஹொலண்ட் பாஸ்போட், மனுசி திருகோணமலை. ஹொலண்டில இருக்கிற நைமேகனில இருந்து ஜேர்மனியில கிளேவே பக்கம் குடி வந்து ஆறு வருசம். அதுசரி தங்கச்சி நல்லூர், உங்கட கணவர் இப்ப நித்திரை கொள்ளுறது எந்த நாட்டில? வேலை ஜேர்மனி எண்டு எழுதினீங்கள், வீடு எங்க எண்டு எழுதேல்லை.

நல்லூர்ப்பெண் | மார்ச் 5

அண்ணா, வீடு நைமேகனில. தாய் தகப்பனோட இருக்கிறார். ஒவ்வொரு நாளும் பஸ்ஸில கிளேவே போய் வாறவர். ஏன், அது பிழையா?

எல்லைக்கோடு | மார்ச் 5

பிழை இல்லை. ஆனா இதுதான் முழு விசயமும். வீடு ஹொலண்டில இருக்குமட்டும் நீங்கள் போய்ச் சேருற நாடு ஹொலண்ட். அப்ப கேள்வி கேக்கிறது டச்சுச் சட்டம். ஜேர்மனியில வேலை செய்தாப் போல ஜேர்மன் அட்டை கிடையாது, அவர் அங்க குடியிருக்க வேணும்.

எல்லை தாண்டி வேலைக்குப் போறவைக்கும் ஒரு வாசல் இருக்கு. 2014 மார்ச் 12, எஸ் மற்றும் ஜி எண்ட வழக்கு. ஹொலண்டில இருந்து பெல்ஜியத்துக்கு வேலைக்குப் போய் வாறவரைப் பற்றினது. குடும்பத்துக்கு உரிமை மறுத்தால் அவர் அந்த வேலைக்குப் போகவே தயங்குவார் எண்டால், அப்ப உரிமை வரலாம் எண்டு நீதிமன்றம் சொன்னது. "வரலாம்", அவ்வளவுதான். அந்த வழக்கில வந்த மாமியார் பேரப்பிள்ளையைப் பராமரிக்கிறதே அதுக்குப் போதுமான காரணமா எண்டெல்லாம் உள்நாட்டு நீதிமன்றம் பிரிச்சுப் பாக்கும். புதுசாக் கட்டின நீங்கள் அந்த வாசலில போய் நிண்டு வருசக்கணக்கா வழக்காட வேண்டாம்.

என்ன செய்ய வேணுமெண்டால், அவர் எல்லைக்கு இந்தப் பக்கம் வீடு எடுக்க வேணும். கிரானன்பூர்க் எண்ட ஊர் நைமேகனுக்கும் கிளேவேக்கும் நடுவில. அங்க பாதிக் கடையில டச்சுதான் கேக்கும், அவ்வளவு ஹொலண்ட் ஆக்கள் வீட்டு வாடகைக்காக வந்து இருக்கினம். தாய் தகப்பனை ஞாயிறு சைக்கிளிலயே போய்ப் பாக்கலாம். வீடு எடுத்த உடனே நகரசபையில அன்மெல்டுங், அதாவது விலாசப் பதிவு. ஐரோப்பியருக்கு 2013க்குப் பிறகு வேற சான்றிதழ் ஒண்டும் ஜேர்மனி குடுக்கிறதில்லை. விலாசப் பதிவும் வேலை ஒப்பந்தமும் சம்பளச் சிட்டையும் போதும்.

ஒண்டை மட்டும் கவனமாச் சொல்லுங்கோ அவருக்கு. விலாசத்தை மட்டும் கிரானன்பூர்க்கில வச்சிட்டு நித்திரைக்கு நைமேகன் போறது கூடாது. உண்மையா இருக்க வேணும். கரண்ட் பில், மருத்துவக் காப்புறுதி, வங்கி, எல்லாம் இஞ்சால வரவேணும். எங்கட வீட்டுக்கு ஒரு நாள் காலமை ஏழு மணிக்கு அதிகாரியள் வந்து கதவு தட்டினவை. நாங்கள் தேத்தண்ணி ஊத்திக் கொண்டு நிண்டனாங்கள். அவ்வளவோட போயிட்டினம்.

நல்லூர்ப்பெண் | மார்ச் 6

இவரோட ராத்திரி ரெண்டு மணித்தியாலம் கதைச்சன். அவருக்கும் இது தெரியாது. மாமி கொஞ்சம் அழுதவ, பிறகு "பஸ்ஸில அரை மணித்தியாலம்தானே" எண்டு அவவே சொல்லீட்டா. அப்பாவுக்கும் சொல்லிப்போட்டன், வயலை ஈடு வைக்க வேண்டாமெண்டு.

ஒரு கேள்வி. இவருக்குச் சம்பளம் பெரிசில்லை. இவ்வளவு யூரோ இருக்க வேணும் எண்டு கணக்கு இருக்கோ?

டப்ளின்_மீனா | மார்ச் 6

வேலை பாக்குறவருக்கு வருமானக் கணக்கே கிடையாது. வேலை பாக்காம சேமிப்புல வாழுறவருக்கும் மாணவருக்கும்தான் போதுமான பணம், முழு மருத்துவக் காப்பீடுன்னு நிபந்தனை. அவங்களுக்குக்கூட "இவ்வளவு"ன்னு ஒரே தொகையை நிர்ணயிக்கக் கூடாதுன்னு டைரக்டிவோட 8ஆம் பிரிவு சொல்லுது.

வேலைன்னா எது வேலைங்கறதுக்கு 1982லேயே தீர்ப்பு இருக்கு. லெவின் வழக்கு. பிரிட்டிஷ் பெண்மணி, கணவர் ஐரோப்பியர் இல்ல, நெதர்லாந்துல ஓட்டல்ல அறை சுத்தம் பண்ற பகுதி நேர வேலை. சம்பளம் குறைவு, இது வேலையே இல்லன்னாங்க. பகுதி நேரமா இருந்தாலும் பேருக்குச் செய்யாம உண்மையா உழைச்சா அவர் தொழிலாளிதான்னு நீதிமன்றம் சொல்லிருச்சு. ஓட்டல் அறை கூட்டுன அந்தம்மா வழக்குல நின்னதால இன்னைக்கு எத்தனையோ வீட்டுல விளக்கு எரியுது. உங்க வீட்டுக்காரர் நிரந்தர வேலையில இருக்கார், கவலையே படாதீங்க.

புதுவை_முத்தியால்பேட்டை | மார்ச் 8

நானும் ஒண்ணு கேட்டுக்கறேன். எங்க தாத்தா 1962ல பிரெஞ்சுக் குடியுரிமையை வச்சிக்கிட்டவர், அதனால எங்க குடும்பமே பிரெஞ்சு நேஷனாலிட்டி. என் மகனுக்கு பாண்டியிலதான் கல்யாணம். பொண்ணு இந்தியன். மகன் பாரிஸ்ல இருக்கான், பிரஸ்ஸல்ஸ்ல வேலை கிடைக்கும் போலிருக்கு. எந்த வழி நல்லது?

டப்ளின்_மீனா | மார்ச் 8

ஐயா, பாரிஸ்னா பிரெஞ்சு உள்நாட்டுச் சட்டம். முதல்ல கல்யாணத்தை பாண்டிச்சேரி பிரெஞ்சு கான்சுலேட்ல பதிஞ்சுக்கணும், அதுக்கப்புறம் பிரெஞ்சுக்காரரின் துணைன்னு நீண்டகால விசா. அதுக்கும் கட்டணமில்ல, அதனால அது மோசமான வழின்னு நான் சொல்ல மாட்டேன். பிரஸ்ஸல்ஸ்ல உண்மையாவே வேலை கிடைச்சுக் குடிபோனா ஒன்றியச் சட்டம். வேலையை வச்சு முடிவு பண்ணுங்க, விசாவை வச்சு வேலையை முடிவு பண்ணாதீங்க.

லெஸ்டர்வாசி | மார்ச் 9

இங்கிலாந்து எண்டு ஆரும் நினைச்சால், அது ஒன்றியத்தை விட்டு வெளியேறினபடியால் அந்தக் கதை முடிஞ்சுது. ஹொலண்டில இருந்து லெஸ்டருக்கும் லண்டனுக்கும் வந்த எங்கட சனம் நிறைய. 2020 டிசம்பர் 31க்கு முதல் வந்திருந்தவைக்குத்தான் பழைய உரிமை. இப்ப துணையைக் கூப்பிட 2024 ஏப்ரலில இருந்து வருசத்துக்கு 29,000 பவுண்ஸ் சம்பளம் காட்ட வேணும்.

சுரிந்தர் சிங் வழி எண்டு ஒண்டு இருந்தது. இந்தியர் ஒருவர், பிரிட்டிஷ் மனைவி, ரெண்டு பேரும் ஜேர்மனியில வேலை செய்திட்டுத் திரும்பினவை. 1992இல ஐரோப்பிய நீதிமன்றம், திரும்பி வரேக்கையும் அந்த உரிமை கூட வரும் எண்டு சொன்னது. இங்கிலாந்து அந்தக் கதவை 2022 மார்ச் 29இல மூடினது. ஆனா ஒன்றிய நாடுகளுக்குள்ள அது இண்டைக்கும் உயிரோட இருக்கு. தங்கச்சி நல்லூர், நீங்கள் ஜேர்மனியில உண்மையா மூண்டு மாதத்துக்கு மேல குடும்பமா வாழ்ந்திட்டுப் பிறகு ஹொலண்டுக்குத் திரும்பினால், அப்பவும் ஒன்றியச் சட்டத்தைக் கேக்கலாம்.

கண்ணம்மா_மதுரை | மார்ச் 12

இந்த இழையை ரெண்டு நாளா படிச்சிட்டு, எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். புதுசா வாழ்க்கை தொடங்குற பிள்ளைகிட்ட இதைச் சொல்லணுமான்னு தயக்கம். ஆனா எனக்கு யாரும் சொல்லல, அதனால சொல்றேன். நல்லூர்த் தங்கச்சி, உங்க வாழ்க்கையில இது தேவைப்படவே கூடாதுன்னு மீனாட்சியை வேண்டிக்கிட்டுத்தான் எழுதுறேன்.

மீனா சொன்னது சரி, உரிமை கல்யாணத்துலேருந்து வருது. ஆனா அது உங்க புருஷன் மேல படர்ந்த கொடி. அவர் அந்த நாட்டுல இருக்கணும், வேலையில இருக்கணும்.

என் வீட்டுக்காரர் இத்தாலி பாஸ்போர்ட். ஜெர்மனியில இருந்தோம். ரெண்டாவது வருஷம் அவர் தனி வீடு எடுத்துட்டுப் போயிட்டார், அதே ஊர்ல. அலுவலகத்துல ஒருத்தர் "சேர்ந்து வாழலைன்னா அட்டை செல்லாது, முப்பது நாள்ல கிளம்புங்க"ன்னு வாய்மொழியா சொன்னார். அந்த ராத்திரி நான் தூங்கல. கோயில், சாமி, அம்மா, யாரும் கைக்கெட்டுற தூரத்துல இல்ல.

மறுநாள் பெண்கள் ஆலோசனை மையத்துல ஒரு வக்கீல் காட்டினாங்க: தியாத்தா வழக்கு, 1985. செனகல் பெண், பெர்லின்ல இருந்தவர், கணவர் பிரெஞ்சுக்காரர். பிரிஞ்சு தனி வீட்டுல இருந்தார். சட்டப்படி விவாகரத்து ஆகாத வரைக்கும் மனைவி மனைவிதான், ஒரே கூரைக்குக் கீழ இருக்கணும்னு இல்லன்னு தீர்ப்பு. அந்தக் காகிதத்தை எடுத்துக்கிட்டுப் போனேன். "எதுவானாலும் எழுத்துல குடுங்க"ன்னு கேட்டேன். எழுத்துல எதுவும் வரல. அட்டை அப்படியே இருந்துச்சு.

அடுத்தது விவாகரத்து. கல்யாணமாகி மூணு வருஷம் ஆகியிருக்கணும், அதுல ஒரு வருஷமாவது அந்த நாட்டுல இருந்திருக்கணும், அதுக்கப்புறம் மனு போட்டா உரிமை உங்க பேர்ல தனியா நிக்கும். டைரக்டிவோட 13ஆம் பிரிவு. அடி உதை இருந்தா, பிள்ளை உங்க பொறுப்புல இருந்தா, மூணு வருஷம் காத்திருக்க வேண்டியதில்ல. ஆனா மனு போடும்போது புருஷன் அந்த நாட்டுல இருக்கணும். 2015ல அயர்லாந்துலேருந்து போன வழக்குல மூணு ஆண்கள், ஒருத்தர் இந்தியர். மனைவிமார் நாட்டை விட்டுப் போயிட்டு அப்புறமா விவாகரத்து போட்டாங்க. போன அன்னைக்கே உரிமை போச்சு, பின்னால வந்த விவாகரத்து அதை மீட்காதுன்னு நீதிமன்றம் சொல்லிருச்சு. வன்முறை நடந்திருந்தா மட்டும், அவர் போனப்புறமும் நியாயமான காலத்துக்குள்ள மனு போட்டா காப்பாத்திக்கலாம்னு 2021ல தளர்த்தினாங்க.

எனக்கு மூணு வருஷம் முடிஞ்சு பதினோரு நாள்ல மனு போட்டோம். அவர் அப்போ அதே ஊர்லதான் வேலையில இருந்தார். அதை நிரூபிக்கணும்ல? அவர் சம்பளச் சிட்டை அவர்கிட்டத்தானே இருக்கும், கேட்டா குடுப்பாரா? என் அதிர்ஷ்டம், வரிக் கணக்குக்காக எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல நகல் எடுத்து வச்சிருந்தேன். அந்த ஃபைல்தான் என்னை இங்க வச்சுது.

தங்கச்சி, புருஷனோட பாஸ்போர்ட் நகல், வேலை ஒப்பந்தம், மாசா மாசம் சம்பளச் சிட்டை, வீட்டு ஒப்பந்தம், காப்பீடு, எல்லாத்துக்கும் உங்க கையில ஒரு நகல் இருக்கட்டும். சந்தேகப்பட்டு இல்ல. அவருக்கே நாளைக்கு ஒண்ணு ஆனாலும் உங்களைக் காக்கிறது அதுதான். அஞ்சு வருஷம் முடிஞ்சா நிரந்தர வதிவிட உரிமை வந்துரும், அப்புறம் யாரோட காகிதமும் வேண்டாம்.

றைன்கரை | மார்ச் 12

கண்ணம்மா தங்கச்சி, எழுதினது எவ்வளவு பெரிய காரியம். என்ர மனுசியும் பக்கத்தில இருந்து வாசிச்சவ. உங்களோட கதைக்க வேணுமாம், உள்பெட்டியில எழுதுறா.

நல்லூர்ப்பெண் | மார்ச் 13

கண்ணம்மா அக்கா, நான் பயப்படேல்லை. இவருக்கும் வாசிச்சுக் காட்டினன். "நானே நகல் எடுத்துத் தாறன்" எண்டு சொன்னார்.

இன்னுமொண்டு. பிற்காலம் அம்மா தனிய நிப்பா. அப்பாவுக்குப் பிறகு அவவைக் கூப்பிட ஏலுமோ?

எல்லைக்கோடு | மார்ச் 13

ஏலும். கணவன், மனைவி ரெண்டு பக்கத்துத் தாய் தகப்பனுக்கும் இடமிருக்கு. ஆனா உங்களில தங்கி வாழுறவ எண்டு காட்ட வேணும். அந்தத் தேவை ஊரில இருக்கேக்கையே இருந்திருக்க வேணும். அதால உழைக்கத் தொடங்கின நாளில இருந்து அம்மாவுக்கு அனுப்புற காசை வங்கியாலயே அனுப்புங்கோ. உண்டியலால (வங்கி இல்லாமல் ஆக்களால கைமாறி) அனுப்புற காசுக்குச் சாட்சி இல்லை. அவசரமில்லை, முதல் நீங்கள் வந்து சேருங்கோ.

விசாவில ஏதும் இழுபட்டால் சொல்விட் எண்டு ஒன்றியத்தின்ர இலவச சேவை இருக்கு, இணையத்திலயே முறையிடலாம். வழக்கறிஞருக்குக் காசு கட்ட முதல் அங்க எழுதுங்கோ.

நல்லூர்ப்பெண் | ஆகஸ்ட் 21

எல்லாருக்கும் வணக்கம். கிரானன்பூர்க்கில இருந்து எழுதுறன்.

சித்திரையில இவர் ரெண்டு அறை வீடு எடுத்துப் பதிஞ்சவர். வைகாசியில நான் கொழும்பில விண்ணப்பம் குடுத்தன். எழுத்துச் சான்றிதழ், மொழிபெயர்ப்பு, வெளிநாட்டலுவல்கள் அமைச்சின்ர கொன்சியூலர் பிரிவு முத்திரை, இவரின்ர பாஸ்போட் நகல், வேலை ஒப்பந்தம், விலாசப் பதிவு. மேல ஒரு பக்கக் கடிதம்: கணவர் ஜேர்மன் குடிமகன் இல்லை, ஹொலண்ட் குடிமகன், ஜேர்மனியில வேலை செய்து குடியிருக்கிறார், ஒன்றியச் சட்டப்படி கேக்கிறன் எண்டு. மீனா அக்கா சொல்லித் தந்த அந்த நீளப் பேரை இவர் ஜேர்மனில எழுதித் தந்தவர். ஏ1 ஒருத்தரும் கேக்கேல்லை. விசாவுக்குக் காசும் எடுக்கேல்லை. அஞ்சு கிழமையில கையில வந்தது.

இஞ்ச வந்து அட்டைக்குக் குடுத்தாச்சு, உடனேயே சான்று தந்தவை. வார முதலாம் திகதி ஒரு பேக்கரியில வேலைக்குச் சேருறன். ஜேர்மன் வகுப்புக்கும் பேர் குடுத்திட்டன். கடையில பாண் வாங்கவே பாஷை வேணுமே. ஆரும் வெருட்டாமல் படிக்கேக்கை நல்லாத்தான் ஏறுது. ஞாயிறு மாமியிட்டச் சைக்கிளில போனம், ஊரில போட்ட மாதிரியே மீன் குழம்பு வச்சிருந்தவ.

ஏஜென்சிக்குக் காசு கட்டப் போற ஆரும் இருந்தால் அந்தக் கடிதத்தைக் கேளுங்கோ, பேர் விலாசத்தை எடுத்துப்போட்டு அனுப்பி விடுறன்.

கண்ணம்மா அக்கா, என்ர ஃபைல் பச்சை நிறம். ஆடி மாதச் சிட்டை நேற்று அதுக்குள்ள போயிட்டுது.